முதலில் வெளியே



பள்ளிகளில் நடக்கும் தீத்தடுப்புச் செயல்விளக்கம் நம் எல்லோருக்கும் பழக்கமான காட்சி. மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு தகரத் தட்டு, அதில் கொஞ்சம் டீசலும் பெட்ரோலும். தீயணைப்பு வீரர் ஒருவர் பற்றவைத்ததும் தீ ஆளுயரத்துக்கு எழும். இன்னொருவர் சிவப்பு உருளையின் பின்னை இழுத்துப் பிடியை அமுக்குவார். வெள்ளைத் தூள் பரவித் தீ அடங்கும், கைத்தட்டல். அடுத்து, எரிகிற சிலிண்டரின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்துவார்கள், மறுபடியும் கைத்தட்டல். கடைசியில் வண்டியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும்போது, நனைவதற்காகவே முன்வரிசைப் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். மறுநாள் நாளிதழின் கோவைப் பதிப்பில் படம் வந்துவிடும். இதை ஏளனம் செய்வதற்காக விவரிக்கவில்லை. இரவெல்லாம் அழைப்புக்குக் காத்திருந்துவிட்டுக் காலையில் பள்ளிக்கு வந்து நிற்கிற அந்த வீரர்களின் உழைப்பு மெய்யானது. ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று அந்த முக்கால் மணி நேரத்தில் தன் கைகால்களால் என்ன கற்றுக்கொண்டது என்று கேட்டால், உட்கார்ந்து பார்த்தது என்பதற்கு மேல் விடையில்லை. தீ என்பது பெரியவர் அணைப்பது, சின்னவர் வேடிக்கை பார்ப்பது என்ற பாடமே அதன் மனதில் பதிகிறது. குழந்தைக்குத் தீயைப் பற்றி முதலில் கற்றுத்தர வேண்டியது வெளியேறுவதை. அதுவும், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வெளியேறுவதை. அணைக்கும் கலை அதற்குப் பிறகு, வயது வந்தபின் வரட்டும். இன்றைய உரையில் நான் நிறுவ முயல்வது இந்த ஒன்றைத்தான்.

தமிழ்நாட்டில் இதைப் பேசுகிற எவரும் 2004 ஜூலை 16-ஐத் தாண்டிப் போக முடியாது. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஸ்ரீ கிருஷ்ணா உதவிபெறும் பள்ளியில், சத்துணவு சமைத்த இடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய நெருப்பு மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், குறுகலான படிக்கட்டு, எரிந்து மேலே விழுந்த கூரை. 94 குழந்தைகள் இறந்தார்கள். நீதிபதி கே. சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பத்தாண்டு கழித்து, 2014 ஜூலையில், தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது. இதற்கிடையில் 2009 ஏப்ரலில், அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையையும் உள்ளடக்கியதே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிகள்தோறும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், ஆசிரியரும் பணியாளரும் அதைக் கையாளப் பயில வேண்டும் என்றும் ஆணையிட்டது. விளைவுகள் சிறியவையல்ல. பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிந்தது. தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உறுதி, கட்டட உரிமம், சுகாதாரம், தீயணைப்பு ஆகிய நான்கு சான்றுகளும் வேண்டும் என்பது இங்குள்ள தாளாளர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். கூரை மாறியது, கோப்பு தடித்தது, சுவரில் சிவப்பு உருளை ஏறியது. இத்தனை மாற்றத்திலும் பிள்ளையின் பங்கு என்ன என்று மட்டும் எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. கட்டடத்தைச் சீர்செய்தால் பிள்ளை தானே பிழைத்துக்கொள்ளும் என்று அரசும் நீதிமன்றமும் நாமும் சேர்ந்தே நம்பினோம்.

பள்ளிக்குள்ளேயே தீ வந்தால் அந்த நம்பிக்கை ஓரளவு செல்லும். தீ அப்படி இடம் பார்த்து வருவதில்லை. கும்பகோணத்துக்கு ஆறு மாதம் முன்பு, 2004 ஜனவரி 23-இல், ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஏறத்தாழ அறுபது பேர் மாண்டார்கள். 1995 டிசம்பரில் ஹரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா, கல்யாண மண்டபத்தில் செயற்கைத் துணிப் பந்தலுக்கடியில் நடந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்களைத் தீ கொண்டுபோனது. 2019 மே 24-இல் சூரத்தில் மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் 22 மாணவர்கள் இறந்தார்கள்; படிக்கட்டைத் தீ மறித்துக்கொள்ள, பலர் மேலிருந்து குதித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2024 மே 25-இல் ராஜ்கோட்டின் விளையாட்டுக் கூடத்தில் குழந்தைகள் உட்பட 27 பேர். கல்யாண மண்டபம், டியூஷன், விளையாட்டுக் கூடம் என இவற்றில் எதற்கும் பள்ளிக் கல்வித் துறையின் சான்று எட்டாது. வீட்டுக்கு எந்தச் சான்றும் கிடையாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டில் தீ விபத்துகளில் இறந்தவர்கள் 7,400-க்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தது குடியிருப்புகளில்தான்.

கொங்கு நாட்டுக் குழந்தை வளர்கிற இடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் தறிக்குடோனின் பக்கச் சுவரே பல வீடுகளுக்கும் சுவர். திருப்பூரில் லைன் வீடுகள். பத்துக் கதவுக்கு ஒரே நடை, அந்த நடையில் சைக்கிள், மொபெட், தண்ணீர்க் குடம், அடுப்பைத் தள்ளி வைத்த ஸ்டூல். இரண்டு தெரு தள்ளிக் கட்டிங் வேஸ்ட் அடைத்த குடோன். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில்லின் நார்க் குவியல். காட்டுக்குள்ளே சாளை, சாளையை ஒட்டிச் சோளத்தட்டுப் போர். பஞ்சும் நாரும் எரிவதில் ஒரு வஞ்சகம் உண்டு. மேலே அணைந்ததுபோல் தெரியும். உள்ளே மணிக்கணக்கில் கனிந்து, காற்றுப் பட்டதும் மறுபடி எழும். நகரத்துக்குள் வந்தால், செருப்புக் குவியலைத் தாண்டி ஏறவேண்டிய டியூஷன் சென்டர் மாடிப்படிகள். இந்த இடங்களை எல்லாம் ஆய்வு செய்து, அறிவிப்பு அனுப்பி, சீர்படுத்தி முடிக்கும்வரை குழந்தையின் வயது நிற்காது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் குழந்தையோடு கூடவே போகிற பாதுகாப்பு என்று ஒன்று இருக்குமானால், அது அதன் உடம்பில் படிந்த பழக்கந்தான்.

அந்தப் பழக்கம் ஏன் வெளியேறும் பழக்கமாக, அதிலும் காத்திராமல் வெளியேறும் பழக்கமாக இருக்க வேண்டும்? ஆபத்தில் மனிதர்கள் பதறி ஓடுவார்கள், ஆகவே அவர்களை அடக்கி உட்காரவைக்க வேண்டும் என்பது பரவலான நினைப்பு. ஆய்வுகளும் விபத்து வரலாறும் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான சேதியைச் சொல்கின்றன. 1968-இல் லதானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் ஒருவர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கையில் சுவரின் துவாரம் வழியே புகை வரவைத்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்த் தெரிவித்தார்கள். முன்னேற்பாட்டின்படி அசையாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரோடு சேர்த்து அமர்த்தப்பட்டவர்களில் அப்படி எழுந்தவர்கள் வெறும் 10 விழுக்காடு. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். வளர்ந்த இளைஞர்களுக்கே அந்த நிலை. அருகிலிருப்பவர் சும்மா இருந்தால் நாமும் சும்மா இருப்போம். அவர் ஆசிரியராகவோ மாமாவாகவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2014 ஏப்ரலில் தென்கொரியாவில் செவோல் கப்பல் சாய்ந்தபோது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. சொன்னபடி கேட்ட பிள்ளைகள் அறைகளிலேயே இருந்தார்கள். இறந்த 304 பேரில் 250 பேர் ஒரே மேனிலைப் பள்ளியின் மாணவர்கள்.

இன்னும் நெருக்கமான ஒப்பீட்டை ஜப்பான் தருகிறது. அங்கே வந்தது ஆழிப்பேரலை, தீ அன்று. ஆனால் கேள்வி அதேதான். 2011 மார்ச் 11 அன்று ஓக்காவா தொடக்கப் பள்ளியில் நிலநடுக்கம் நின்றதும் பிள்ளைகள் ஒழுங்காக மைதானத்துக்கு வந்தார்கள். பக்கத்திலேயே குன்று. எங்கே போவது என்று பெரியவர்கள் முடிவெடுக்கும்வரை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் அங்கேயே காத்திருந்தார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். அதே நாளில், அதே கடற்கரையில், கமைஷி நகரத்து நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் பிள்ளைகளும் கட்டடத்தை விட்டு இறங்கிப் பின்னாலேயே ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடத்தில் மலைச்சரிவு உதிர்வதைப் பார்த்து, இது போதாது, இன்னும் மேலே போக வேண்டும் என்று சொன்னவர்கள் மாணவர்களே. அந்த நகரத்தில் பள்ளியில் இருந்த ஏறத்தாழ மூவாயிரம் பிள்ளைகளும் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தோஷிதாகா கதாதா என்ற பேராசிரியர் அங்கே கற்றுக்கொடுத்த மூன்று விதிகளில் ஒன்று, முதலில் ஓடுபவன் நீயாக இரு என்பது. கேட்பதற்குச் சுயநலம்போல இருக்கும். ஒருவன் எழுந்து ஓடினால்தான் அசையாமல் இருப்பவர்களின் மயக்கம் கலையும். ஆகவே முதலில் ஓடுவது மற்றவர்களைக் காப்பதும் ஆகும். லதானே, டார்லி சோதனைக்கு நடைமுறையில் கிடைத்த மறுமொழி என்றே இதைச் சொல்லலாம்.

இங்கே ஆசிரியர் நண்பர்கள் முகம் சுளிப்பது எனக்குப் புரிகிறது. கொங்கு மண்டலப் பள்ளிகளின் பெயரே கட்டுப்பாட்டில் எழுந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு என்று பெற்றோர் மூட்டை முடிச்சோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவதே அதற்காகத்தான். நம் மழலையர் வகுப்பில் பிள்ளை கற்கும் முதல் ஆங்கில வாக்கியம் “மே ஐ கோ அவுட் மிஸ்?” என்பதாக இருக்கலாம். மூத்திரம் முட்டினாலும் தலையசைப்பு கிடைக்கும்வரை கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கப் பழகிய பிள்ளை அது. அப்படிப்பட்ட பிள்ளையிடம், புகை கண்டால் கேட்காமல் போ என்றால், நாளைக்கு எதற்கெடுத்தாலும் எழுந்து ஓடும், வகுப்பு நடத்த முடியாது என்கிறார்கள். கேட்கத் தகுந்த மறுப்பு. ஆனால் கட்டுப்பாடு வேறு, கீழ்ப்படிதல் வேறு. வரிசை குலையாமல், தள்ளாமல், பேசாமல் இரண்டு நிமிடத்தில் மூன்று மாடி இறங்குவதற்கு உயர்ந்த கட்டுப்பாடு வேண்டும். அதை நம் பள்ளிகள் மற்ற எவரையும்விட நன்றாகவே பயிற்றுவிக்க முடியும். மாற வேண்டியது, எழுவதற்கான அனுமதி யாரிடமிருந்து வருகிறது என்பது மட்டும். அபாய மணி அடித்தால், புகையைக் கண்டால், கேஸ் நாற்றம் வந்தால், ‘தீ’ என்ற கூக்குரல் கேட்டால் — இந்த நான்கும் ஆசிரியரின் தலையசைப்புக்குச் சமம் என்று ஆண்டின் முதல் வாரத்திலேயே ஆசிரியரே தம் வாயால் சொல்லிவிட்டால், பிள்ளை மீறுவதற்கு எதுவும் மிச்சமில்லை. பொய்யாகக் கத்துகிற குறும்புக்காரன் வகுப்புக்கு ஒருவன் இருப்பான். ஆண்டுக்கு இரண்டு முறை காரணமில்லாமல் மைதானத்துக்குப் போய்த் திரும்புவது பெரிய இழப்பில்லை. அதையும் ஒரு பயிற்சியாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

சரி, வெளியேறுவதை எப்படிக் கற்பிப்பது? சொல்லிக் கொடுத்தால் வராது, செய்துதான் வரும். வகுப்பறைக் கதவை மூடிவிட்டு, பிள்ளையை அதனருகே போகச் சொல்ல வேண்டும். உள்ளங்கையால் தொடாமல் புறங்கையால் கதவைத் தொட வேண்டும். சூடாக இருந்தால் திறக்கக் கூடாது, வேறு வழி பார்க்க வேண்டும். திறக்க முடிந்தால் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து, ஒரு கை சுவரை விடாமல் நடையில் போக வேண்டும். எத்தனையாவது கதவில் படிக்கட்டு வருகிறது என்பது அதற்குக் கண்ணை மூடினாலும் தெரிந்திருக்க வேண்டும். பைக்கோ, டிபன் பாக்ஸுக்கோ, வாசலில் கழற்றிவிட்ட செருப்புக்கோ திரும்பக் கூடாது. வெளியே குறித்த மரத்தடியில் போய் நின்று பெயர் கொடுத்த பிறகு, எக்காரணத்துக்காகவும் மறுபடி உள்ளே நுழையக் கூடாது. செருப்பு என்று நான் சொன்னதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். வெறுங்காலோடு வெளியே போகாதே என்று வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளை, வாசலில் குனிந்து தன் ஜோடியைத் தேடும் அந்தச் சில விநாடிகளில் பின்னால் வருகிற முப்பது பேரும் நின்றுபோவார்கள். இதைப் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நடத்திப் பார்த்தால் முதல் முறையிலேயே தெரிந்துவிடும். ஆடையில் தீப்பிடித்தால் ஓடாமல் நின்று, படுத்து, உருள்வதும் அப்படியே. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் பாயை விரித்து ஒவ்வொரு பிள்ளையையும் உருளவைக்க வேண்டும். சுட்ட இடத்தில் இட்லி மாவையும் பற்பசையையும் தடவாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதைப் பிள்ளைக்குச் சொன்னால், அது பாட்டியையும் திருத்திவிடும்.

ஆனால் வெறும் பழக்கமும் போதாது, காரணமும் கூட வேண்டும். புகை மேலே ஏறும், ஆகவே குனிந்து போ என்பது விதி. ஆனால் வீட்டுச் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, பள்ளத்திலும் மூலையிலும் தேங்கும். அங்கே தவழ்வது எரிவாயுவுக்குள் முகத்தைக் கொண்டுபோய் வைப்பதாகும். நிமிர்ந்து, சுவிட்சைப் போடாமலும் அணைக்காமலும், கதவைத் திறந்துவிட்டு நடக்க வேண்டும். குனி என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே தவறும். எது ஏறும், எது இறங்கும் என்று தெரிந்த பிள்ளை தவறாது. 1981-இல் ஜோன்ஸ், காஸ்டின், ஹேனி ஆகியோர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் தீப்பிடிக்கும் ஒன்பது வகைச் சூழ்நிலைகளில் என்ன செய்வதென்று நடித்துப் பயிற்றியபோது, பயிற்சிக்கு முன் தடுமாறிய பிள்ளைகள் பின்னர் சரியாகச் செய்தார்கள். அதே ஜோன்ஸ் குழுவினர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு செயலுக்கும் காரணத்தைச் சேர்த்துச் சொல்லிப் பயிற்றினால் பிள்ளைகளுக்குத் தீயைப் பற்றிய அச்சமும் குறைவதைக் கண்டார்கள்.

கோவைக்கு அந்தக் காரணத்தைக் கற்பிக்க ஒரு நாள் கைக்கு வந்து, நழுவிப் போனது. 2025 ஜனவரி 3 விடியற்காலை, அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவோடு வந்த டேங்கர் லாரி கவிழ்ந்து கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். பகலில் கிரேன்களால் டேங்கரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஓர் உயிர்ச்சேதமும் இல்லை. தீயணைப்புத் துறையின் திறமைக்கு அதைவிடச் சான்று வேண்டாம். சுற்றிலும் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அதுவும் சரியான முடிவே. மறு வாரம் பள்ளி திறந்தபின் என்ன செய்தோம்? ஏன் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், ஏன் செல்பேசியைப் பயன்படுத்த வேண்டாம் என்றார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் ஒரு பாடவேளையைச் செலவிட்டிருந்தால், எரிவாயுவின் அடர்த்தி அதற்குப்பின் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது. டேங்கர் லாரிகளுக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த லாரிகள் நம் சாலைகளில் நாளும் போகின்றன.

இனி, கனமான இரண்டு மறுப்புகள். முதலாவது சான்று பற்றியது. பள்ளிகளில் காயத்தடுப்புக் கல்வி குறித்த ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மதிப்பீடு, அறிவும் திறனும் கூடுவதற்கு ஓரளவு சான்று இருக்கிறது, காயங்களே குறைகின்றன என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஒரு பள்ளியில், ஓர் ஆண்டில் நிகழும் தீக்காயங்களின் எண்ணிக்கை மிகச் சொற்பம். அதில் கூடுதல் குறைவைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர வேண்டும். போதிய சான்று இல்லை என்பதைப் பயனில்லை என்று படிக்கக் கூடாது. அந்தத் தொகுப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு: அறிவை மட்டும் ஏற்றிவிட்டுத் திருப்திப்படுகிற கல்வியை நம்பக் கூடாது. துண்டறிக்கை, உறுதிமொழி, ஓவியப் போட்டி ஆகியவற்றை நம் கல்வியிலிருந்து கழித்துவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. கும்பகோணத்துக் குழந்தைகளைக் கொன்றது அவர்களின் அறியாமையா? கீற்றும், குறுகிய படியும், கண்டும் காணாமல் கையெழுத்திட்ட கைகளும் அல்லவா? பிள்ளைக்குப் பயிற்சி கொடு என்று சொல்வது, பெரியவர்களின் குற்றத்தைப் பிஞ்சுத் தோளில் ஏற்றுவதாகாதா? ஆகும், பயிற்சியைக் காரணம் காட்டிக் கட்டடத்தைத் தளர்த்தினால். சட்டத்தின் முன் பொறுப்பு முழுக்கப் பெரியவர்களுடையது. ஒரு பிள்ளை சரியாக வெளியேறவில்லை என்பது எந்த வழக்கிலும் எவருக்கும் தற்காப்பாகக் கூடாது. ஆனால் வெளியேறும் பயிற்சி பெரியவர்களைத் தப்பவிடாது, மாட்டிவிடும். உருளையைக் கொண்டு செய்கிற செயல்விளக்கத்தை எந்தக் கட்டடத்திலும் செய்யலாம், கட்டடம் அம்பலப்படாது. ஐந்நூறு பிள்ளைகளை இறக்கிப் பார்க்கும்போதோ, பூட்டிய இரண்டாவது கேட்டும், பழைய பெஞ்சுகளை அடுக்கிய படிக்கட்டும் அன்றே வெளிச்சத்துக்கு வரும். வழக்கமாகப் பயன்படுத்தும் படிக்கட்டின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு ஒரு முறை இறக்கிப் பார்த்தால், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றில் இருக்கிற இரண்டாவது வழி மெய்யாகவே இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பயிற்சி பெற்ற பிள்ளை டியூஷனுக்குப் போனால், இன்னொரு படி எங்கே என்று கேட்கும். அந்தக் கேள்வி எந்த ஆய்வாளரின் அறிவிப்பைவிடவும் கட்டட உரிமையாளரை உறுத்தும்.

குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்ற கவலையும் உண்டு. இதை மற்ற ஊர்க்காரர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். பண்ணாரியிலும் பாரியூரிலும் பெருமாநல்லூரிலும் குண்டம் இறங்குவதைத் தோள்மேல் உட்கார்ந்து பார்த்து வளர்கிற பிள்ளைகளிடம், தீயைப் பற்றிப் பேசினால் பயப்படும் என்பது பொருந்தவில்லை. குண்டத்தில் பக்திக்கு நிகரான ஒழுங்கும் இருக்கிறது: யார் முதலில், எந்தப் பக்கம் இறங்கி எந்தப் பக்கம் ஏறுவது, தடுமாறுபவரைப் பிடிக்க இருபுறமும் ஆட்கள், ஓரமாகத் தீயணைப்பு வண்டி. தீயை வணங்குவதும் அதனிடமிருந்து விலகி நிற்பதும் இங்கே ஒரே பண்பாட்டின் பகுதி. பிள்ளைகள் மெய்யாகவே பயப்படுவது வேறொன்றுக்கு. புகைக்குள்ளிருந்து முகமூடியும் மூச்சுக்கருவியும் அணிந்து வருகிற உருவத்தைக் கண்டால் சின்னப் பிள்ளை கட்டிலடியிலும் குளியலறையிலும் ஒளிந்துகொள்ளும். காப்பாற்ற வந்தவருக்கே அகப்படாது. அதனால்தான் சில நாடுகளில் வீரர், பிள்ளைகளின் முன்னால் ஒவ்வோர் உறுப்பாக உடையை அணிந்து, கடைசியில் முகமூடியையும் மாட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்து அவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தகரத் தட்டுத் தீக்குப் பதிலாக இதை நம் மைதானங்களில் செய்ய ஒரு ரூபாய் செலவில்லை.

யார் செய்வது, எப்போது செய்வது என்பது மிச்சம். தமிழ்நாட்டில் தீயணைப்பு நிலையங்கள் ஏறத்தாழ நானூறு. பள்ளிகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். நிலையத்துக்கு நூறு பள்ளிக்குக் குறையாது. அழைப்புக்கும் போய்க்கொண்டு அத்தனை பள்ளிக்கும் வீரர்களே போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். அவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரட்டும். சாரணர், ஜூனியர் ரெட்கிராஸ், தேசிய மாணவர் படைப் பொறுப்பாசிரியர்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள். வார இறுதியில் நிலையத்துக்கே பொதுமக்களை அழைக்கும் ‘வாங்க கற்றுக்கொள்வோம்’ நல்ல முயற்சி. பெற்றோருக்கு அதுவே வகுப்பறை ஆகலாம். நாளைப் பொறுத்தவரை, தேசியத் தீயணைப்புப் பணி வாரம் ஏப்ரல் 14 முதல் 20 வரை. 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து உயிர்நீத்த வீரர்களின் நினைவு அது. வீரர்களுக்கு உரிய வாரமாகவே அது இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கோ அது சித்திரை முதல் நாளும், ஆண்டுத் தேர்வும், விடுமுறையின் வாசலும். கற்பிக்க அதைவிடப் பொருந்தாத வாரம் இல்லை. ஜூலை 16-ஐ எடுத்துக்கொள்ளலாம். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். முந்தைய நாள் காமராசர் பிறந்தநாள், எல்லாப் பள்ளியிலும் கல்வி வளர்ச்சி நாள். மறுநாள் ஒரு பாடவேளையை ஒதுக்கி எல்லாப் பள்ளிகளும் தம் பிள்ளைகளை இறக்கிப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அதன்பின் பருவத்துக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல்.

அந்தச் சுற்றறிக்கையில் மொழியைப் பற்றி ஒரு வரி வேண்டும். திருப்பூரிலும் கோவையின் புறநகரிலும் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் ஒடியாவும் இந்தியும் வங்கமும் வீட்டில் பேசுகிற பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். லைன் வீட்டில் கடைசிக் கதவு பெரும்பாலும் அவர்களுடையது. தமிழ்த் துண்டறிக்கை அந்தக் கதவைத் தாண்டாது. செய்து காட்டும் பயிற்சிக்கு மொழி அவ்வளவு தடையில்லை. 101, 112 என்ற இரண்டு எண்களையும், தன் வீட்டுக்கு அடையாளமாகப் பக்கத்துக் கோயிலையோ மில்லையோ பஸ் ஸ்டாப்பையோ தமிழில் சொல்வதையும் அந்தப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டால், அந்த வீட்டில் தீயணைப்பு நிலையத்தோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் அதுவாகவே இருக்கலாம். பதிவேட்டையும் மாற்ற வேண்டும். எத்தனை நிமிடத்தில் காலியானது என்பதை மட்டும் எழுதாமல், யாரும் சொல்வதற்கு முன் எழுந்த வகுப்பு எது, பைக்காகத் திரும்பியவர்கள் எத்தனை பேர், எந்தப் படியில் அடைத்தது, பெயர் கூப்பிட்டபோது விடுபட்டவர் எங்கே இருந்தார் என்று நான்கு கட்டம் போட்டு எழுதினால், அடுத்த பருவத்துப் பயிற்சியை எங்கே தொடங்க வேண்டும் என்று தலைமையாசிரியருக்கு அந்தப் பக்கமே சொல்லிவிடும்.